செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு ஒரு இடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

 

போன எபிசோடில் வேலை மாறும்போது சம்பளம் எப்படிப் பேசுவது என்று பார்த்தோம். இன்றைக்கு அதைவிடச் சின்ன விஷயம். ராத்திரி தூங்க ஓர் இடம். வாரத்தில் ஒரே ஒரு ராத்திரி. செவ்வாய்க்கிழமை.

சின்ன விஷயம்தானே, ஆப்பைத் திறந்தால் ஆயிரம் ரூம் வருமே என்று நானும் நினைத்தேன். அந்த ஒரு ராத்திரிக்கு ஒழுங்கான இடம் கிடைக்க எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வாராவாரம் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கீங்க என்று மெசேஜ்களைப் பார்த்தாலே தெரிகிறது. கதையோடு கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன்.

நான் ஏன் திருச்சியில் இருக்கிறேன்

2020 லாக்டவுனில் ஒரு பையோடு சென்னையிலிருந்து வீட்டுக்கு வந்தவன் நான். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. அடுத்த வருஷம் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு திரும்பிப் போகிற பேச்சே வரவில்லை. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா ரிட்டயர்ட் டீச்சர். சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். பதினோரு பிள்ளைகள்.

2025 ஜூனில் ஆபீசிலிருந்து மெயில் வந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாள் எல்லாரும் கட்டாயம் ஆபீசுக்கு வர வேண்டும். ஆபீஸ் தரமணியில். பயணப்படி கிடைக்குமா என்று கேட்டேன். "உங்க வேலை இடம் சென்னைதானே, சென்னையிலேருந்து சென்னைக்கு வர எதுக்குப் பயணப்படி?" என்றார்கள். தப்பு சொல்ல முடியாது. ஆஃபர் லெட்டரில் அப்படித்தான் இருக்கிறது.

அம்மாவிடம், "பேசாம ரெண்டு பேரும் சென்னைக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

"பதினோரு பிள்ளைங்கடா. அவங்களை விட்டுட்டு வந்து உன் ஃப்ளாட்ல நான் யாருக்கு வாய்ப்பாடு சொல்லித் தர்றது?"

முடிந்தது பேச்சு. ஆக, திங்கள் ராத்திரி திருச்சியில் ரயில் ஏறணும். செவ்வாய் விடியும்போது சென்னை. செவ்வாய் வேலை, ராத்திரி தங்கல், புதன் வேலை, புதன் ராத்திரி மறுபடி ரயில். இது கட்டுப்படியானால் திருச்சியில் இருக்கலாம். ஆகாவிட்டால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னையில் வீடு பார்க்கணும். அந்த ஒரு ராத்திரி வாடகையில் இவ்வளவும் தொங்கிக்கொண்டிருந்தது.

உண்மையான பிரச்சினை ராத்திரி இல்லை, விடியற்காலை

முதல் வாரமே ஒன்று புரிந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு ராத்திரி இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பூரில் இறங்குகிறேன். ஒன்பதரைக்கு ஆபீஸ். நடுவில் குளிக்கணும், சட்டை மாத்தணும், முடிந்தால் ஒரு மணி நேரம் கண்ணை மூடணும். அதாவது செவ்வாய் காலை ஐந்திலிருந்து புதன் காலை எட்டு வரை, 27 மணி நேரத்துக்கு ஓர் இடம் வேண்டும்.

ஆப்பில் வரும் ஹோட்டல்களில் பெரும்பாலும் செக் இன் பகல் 12 மணி, செக் அவுட் மறுநாள் 11 மணி. டூர் போகிறவர்களுக்குப் போட்ட கணக்கு அது. ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறவனுக்கு ஒத்தே வராது.

முதல் வாரம் ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஹோட்டல். ஆப்பில் 1,250 ரூபாய். அப்போது ஜிஎஸ்டி 12 சதவீதம். 150 ரூபாய் சேர்ந்து 1,400. ஐந்தே முக்காலுக்குப் போய் நிற்கிறேன். ரிசப்ஷனில் பெஞ்சு போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பையன் எழுந்து, "சார், இப்பவே ரூம் வேணும்னா ஐந்நூறு எக்ஸ்ட்ரா" என்றான். கொடுத்தேன். வேறு வழி? மொத்தம் 1,900. நாலு வாரத்துக்கு 7,600. இது வெறும் படுக்கைக்கு மட்டும்.

இடையில் ஒரு தகவல். 2022 ஜூலை 18 வரைக்கும் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அன்றிலிருந்து 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆப்பில் முதலில் தெரியும் விலையில் வரி சேர்ந்திருக்காது. கடைசித் திரை வரை போய்ப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்க.

இரண்டாவது வாரம் இன்னும் மோசம். வேறு ஹோட்டல், பணம் கட்டியாச்சு. போனால், "இந்த ஆப் புக்கிங்கை நாங்க எடுக்கறதே இல்ல சார், அவங்க எங்களுக்குப் பாக்கி வச்சிருக்காங்க" என்கிறார் மேனேஜர். காலை ஆறு மணிக்கு நடுரோட்டில் நின்றுகொண்டு கஸ்டமர் கேரிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தி தெரியாது. அன்றைக்கு ஆபீஸ் பாத்ரூமில் முகம் கழுவி, அதே சட்டையோடு உட்கார்ந்து, மத்தியானம் டெஸ்ட் சர்வரில் போட வேண்டிய செட்டிங்கை லைவ் சர்வரில் போட்டேன். இருபது நிமிஷம் எல்லாருக்கும் லாகின் போச்சு. ரூமில் மிச்சம் பிடிப்பது தூக்கத்தில் போய் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நண்பன் வீட்டு சோபா

மூன்றாவது வாரம் காலேஜ் நண்பன் கூப்பிட்டான். மேடவாக்கத்தில் வீடு. "எதுக்குடா காசைக் கொட்டுற, நம்ம வீட்டுக்கு வா." போனேன். அவன் மனைவி ராத்திரி சப்பாத்தி, குருமா எல்லாம் செய்து வைத்திருந்தாங்க. அடுத்த வாரம் போனேன், தோசை. அதற்கடுத்த வாரம், "அண்ணா, நீங்க சாப்பிட்டுட்டு வந்துடுவீங்கல்ல?"

அவங்க மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள்? விருந்தாளி ஒரு தடவை வந்தால் சந்தோஷம். செவ்வாய்தோறும் வந்தால் அது டைம்டேபிள். நட்பு கெடுவதற்கு முன்னால் நானே நிறுத்திக்கொண்டேன். இப்போதும் அவன் வீட்டுக்குப் போகிறேன், பையில்லாமல்.

பிஜி கணக்கு

அப்புறம் இன்ஜினியர் மூளை வேலை செய்தது. மாத வாடகைக்கே ஒரு பெட் எடுத்துவிட்டால்? துரைப்பாக்கத்தில் ஆண்கள் பிஜி. மூன்று பேர் ஷேரிங், சாப்பாட்டோடு மாதம் 7,500. பெட்டியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம், எந்த நேரத்திலும் போகலாம். ஆனால் நான் தூங்குவது நாலே ராத்திரி. 7,500-ஐ நாலால் வகுத்தால் 1,875. ஹோட்டலைவிட 25 ரூபாய் லாபம்!

சரி, பெட்டி வைக்கவாவது இடம் ஆச்சே என்று சேர்ந்தேன். மூன்றாவது செவ்வாய் போனால் என் கட்டிலில் வேறொருத்தர் தூங்குகிறார். என் போர்வையையே போர்த்திக்கொண்டு. ஓனரைக் கேட்டால், "நீங்கதான் வாரத்துல ஆறு நாள் இல்லையே ப்ரோ, சும்மா கிடக்குதேன்னு டெய்லி கெஸ்டுக்கு விட்டேன்" என்கிறார்.

கோபம் வந்தது. ஆனால் ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கே! நான் முழு மாதத்துக்குக் கட்டுகிற கட்டிலை அவர் நாள் வாடகைக்கு விடுகிறார் என்றால், நாள் வாடகைக்குக் கட்டில் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? எந்த ஆப்பிலும் அது வரவில்லை. அப்படியானால் ஆப்பில் வராத இடங்கள் எத்தனை இருக்கும்?

ஸ்டேஷனிலேயே ஒரு வழி

முதலில் கண்ணுக்கு முன்னாலேயே இருந்த ஒன்று. ரயில்வே ரிட்டயரிங் ரூம், டார்மிட்டரி. பெரிய ஸ்டேஷன்களில் இருக்கிறது. ஐஆர்சிடிசி தளத்தில் புக் பண்ணலாம். கன்ஃபர்ம் ஆன அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் நம்பர் கட்டாயம் வேண்டும். ஏறும் ஸ்டேஷனிலும் எடுக்கலாம், இறங்கும் ஸ்டேஷனிலும் எடுக்கலாம். விலை வெளியே இருப்பதில் பாதிகூட இருக்காது.

இரண்டு வாரம் இதில் ஓட்டினேன். விடியற்காலை இறங்கி, படியேறி, குளித்து, கிளம்பலாம். அருமை. பிரச்சினை என்னவென்றால் இடம் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். நடுவில் எழும்பூர் ஸ்டேஷன் புதுப்பிக்கும் வேலைக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். அந்த மாதிரி நேரத்தில் எழும்பூரில் எடுத்த பெட் என்ன ஆவது? அவசரத்துக்கு இது நல்ல வழி. வாராவாரம் நம்பி இருக்க முடியாது.

ரயில் பாதையை வைத்துத் தேடுங்கள்

நான் செய்த பெரிய தப்பு, ஆபீஸ் பக்கத்திலேயே தேடியது. மேப்பில் தரமணியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டுத் தேடினால் ஐடி கம்பெனி ஆட்களை நம்பி நடக்கிற இடங்கள்தான் வரும். விலையும் அப்படித்தான் இருக்கும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால் மூன்று கிலோமீட்டருக்கே முக்கால் மணி நேரம் ஆகிற நாளும் உண்டு.

ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற அண்ணன் ஒருத்தர்தான் வழி சொன்னார். "நீங்க ஏன் தம்பி இங்கயே தேடுறீங்க? திருவல்லிக்கேணியில மேன்ஷன் இருக்கே. பறக்கும் ரயில் ஏறினா நேரா தரமணி."

பறக்கும் ரயில். எம்ஆர்டிஎஸ். பீச்சிலிருந்து வேளச்சேரிக்குப் போகிறது. திருவல்லிக்கேணியில் ஏறினால் கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர், திருவான்மியூர் எல்லாம் தாண்டிப் பத்தாவது ஸ்டேஷன் தரமணி. அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிக்கெட் பத்து ரூபாய்க்குள்தான். கீழே சிக்னலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே மேலே போவது தனி சுகம்.

பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒரே ரயிலில் வர முடிந்தால் அதுதான் பக்கம். உங்கள் ஆபீஸ் கிண்டி என்றால் மெட்ரோ பாதையையும் தாம்பரம் புறநகர் ரயில் பாதையையும் பாருங்க. தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கம்தான் இறங்கும் இடம். அங்கிருந்து ஊருக்குள் வரவே ஒரு பயணம் ஆகும். தாம்பரம் பக்கமே தங்கிவிட்டு ரயிலில் வருவது சுலபமாக இருக்கலாம்.

மேன்ஷன்

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. கல்யாணம் ஆகாமல் சென்னைக்கு வேலை தேடி வந்த ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய இடம். கிளார்க், மெடிக்கல் ரெப், சினிமா அசிஸ்டென்ட் டைரக்டர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். இப்போது டெலிவரி வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் போன மேன்ஷன் நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. வாசலில் ஒரு மேஜை, ஒரு பெரிய நோட்டு. மேனேஜருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். டெய்லி ரேட் 600 ரூபாய், சிங்கிள் ரூம், பாத்ரூம் பொது. முக்கியமான விஷயம், 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்களோ மறுநாள் அதே மணிக்கு வெளியே வந்தால் ஒரு நாள். நிறையப் பழைய லாட்ஜ்களில் இந்த முறை இன்னும் இருக்கிறது. ரயில் பயணிகளை நம்பி நடந்த இடங்கள் இல்லையா? ஆப்பில் இருக்கிற எந்த ஃபில்டரிலும் இது கிடையாது. போன் பண்ணிக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு செவ்வாய் தங்கினேன். மூன்றாவது வாரம் பேரம் பேசினேன். பேரம் என்றால் "கொஞ்சம் குறைச்சுக்குங்க சார்" என்பது இல்லை. நான் சொன்னது இதுதான்: "வாராவாரம் செவ்வாய் வருவேன் சார். மாசம் நாலு நாள் காசை முன்னாடியே குடுத்துடறேன். வர முடியாத வாரம் ஞாயித்துக்கிழமையே சொல்லிடறேன், நீங்க வேற ஆளுக்கு விட்டுக்கலாம்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். நோட்டைத் திருப்பினார். "ஐந்நூறு குடுங்க. புதன்கிழமை எட்டு மணி வரைக்கும் இருங்க. ஒரு பையை மாடி ஸ்டோர் ரூம்ல வச்சுக்குங்க. சேப்பாக்கத்துல மேட்ச் இருக்கிற அன்னிக்கு மட்டும் ரூம் கேட்டு அடம் பிடிக்காதீங்க. அன்னிக்கு இங்க நிக்க இடம் இருக்காது."

அவருக்குத் தேவை நிச்சயம். எனக்கும் அதுதான் தேவை. ஆப் இரண்டு பேருக்குமே அதைத் தரவில்லை. அது ஒவ்வொரு முறையும் என்னைப் புது ஆளாகத்தான் பார்க்கும். மேனேஜர் மூன்றாவது முறையே, "என்ன தம்பி, இன்னிக்கு ரயில் லேட்டா?" என்று கேட்டார்.

குறைகள் இல்லையா? இருக்கு. காலை ஆறரைக்கு மேல் பாத்ரூமுக்கு வரிசை நிற்கணும். மூட்டைப்பூச்சியை ஒரு தடவை பார்த்தேன். வைஃபை கிடையாது, போன் நெட்தான். ஆனால் கீழே இறங்கினால் ரத்னா கபேயில் சாம்பாரில் முங்கிய இட்லி இருக்கு. இதற்கு மேல் என்ன?

இந்தப் பட்டியல் எல்லாருக்கும் பொருந்தாது

இதை ஆபீசில் பெருமையாகச் சொன்னபோது என் டீமில் இருக்கும் தோழி சிரித்தாள். அவள் சேலத்திலிருந்து வருகிறாள். "உனக்கு மேன்ஷன். எனக்கு?"

நியாயமான கேள்வி. மேன்ஷனில் பெண்களுக்கு இடமே கிடையாது. சில லாட்ஜ்களில் தனியாகப் போனால், "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அதனால் அவள் செலவு என்னுடையதைப்போல மூன்று மடங்கு. பாதுகாப்புக்குக் கொடுக்கிற காசு அது. ஆண்கள் போடுகிற கணக்கில் அந்த வரியே இருக்காது.

அவள் கடைசியில் கண்டுபிடித்தது தமிழ்நாடு அரசின் தோழி விடுதி. வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு என்று சில இடங்களில் இருக்கிறது. மாத வாடகை தவிர, குறுகிய நாட்களுக்கும் தங்கலாம். இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளணும். பெண்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், முதலில் அங்கே தேடிப் பாருங்க.

போனில் கேட்க வேண்டியவை

எந்த ஊராக இருந்தாலும் புக் பண்ணுவதற்கு முன்னால் நேராகப் போன் போட்டு இதையெல்லாம் கேளுங்க.

ஒன்று, 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? விடியற்காலை வந்தால் தனிக் காசா?

இரண்டு, சுடுதண்ணி எத்தனை மணிக்கு வரும்? "எப்பவும் வரும் சார்" என்றால் நம்பாதீங்க. "காலையில ஆறுலேருந்து எட்டு" என்று நேரம் சொன்னால் அது உண்மை.

மூன்று, பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கா? முகூர்த்த நாளில் ரூமும் கிடைக்காது, தூக்கமும் வராது. காலண்டரில் முகூர்த்தம், பெரிய தேர்வு, மேட்ச் இருக்கிற செவ்வாய்களை முன்னாடியே குறித்து வைத்துக்கொள்ளுங்க.

நாலு, பை வைக்க இடம் தருவாங்களா? இரண்டு சட்டை, ஒரு துண்டு, செருப்பு அங்கேயே இருந்தால் வாராவாரம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஐந்து, ஆபீசில் காட்ட வேண்டியிருந்தால் பில் கிடைக்குமா? பில் தராத இடமும் உண்டு.

அப்புறம் ரயில் டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் காலை எட்டு மணிக்கு அலாரம் வைத்து, அறுபது நாள் தள்ளி இருக்கும் டிக்கெட்டை எடுத்துவிடுகிறேன். தட்கலை நம்பி வாராவாரம் வேலைக்குப் போக முடியாது.

என் மாதக் கணக்கு: ரயில், ஸ்லீப்பர், போக வர எட்டு டிக்கெட், சுமார் 2,000. மேன்ஷன் 2,000. சாப்பாடும் உள்ளூர்ப் பயணமும் 2,000. மொத்தம் 6,000. முதல் மாதம் ஹோட்டலிலேயே தங்கியிருந்தால் படுக்கைக்கு மட்டும் 7,600 ஆகியிருக்கும். ஷீட்டில் அந்த 6,000-ஐப் பச்சை நிறத்தில் போட்டுவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஷீட்டில் இல்லாத வரி

பேரம் முடிந்த அன்றைக்கு ராத்திரி. அம்மாவிடம் பெருமை அடிக்கணும் இல்லையா? மொட்டை மாடிக்குப் போய் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. டியூஷன் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று விட்டேன். பத்து நிமிஷம் கழித்துப் பண்ணினேன். எடுக்கவில்லை. ஒன்பதரை ஆச்சு. பத்து ஆச்சு. பதினேழு தடவை போட்டிருக்கிறேன், பிறகு எண்ணிப் பார்த்தேன். இங்கிருந்து திருச்சி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இப்பவே பஸ் ஏறினாலும் விடிந்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா போன் நம்பர் என்னிடம் இல்லை. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், நம்பர் இல்லை. ஸ்கூல் நண்பன் ஒருத்தனைப் பிடித்து, அவன் பைக்கில் போய்க் கதவைத் தட்டினான். அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் கூடத்தில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தபடியே அத்தனை தடவையும் கேட்டிருக்கிறார்.

நல்லவேளை, எலும்பு முறிவு இல்லை. கணுக்கால் பிசகல். வியாழக்கிழமை காலை வீட்டுக்குப் போனதும், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு மாசமா உனக்கு ஒரு ராத்திரிக்கு இடம் தேடுறியே. அதே ராத்திரிக்கு எனக்கு ஒரு ஆள் தேடணும்னு உனக்குத் தோணவே இல்லையாடா?"

என்ன பதில் சொல்ல? அம்மாவுக்காகத்தான் திருச்சியில் இருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ரயில் நேரம், ரூம் வாடகை, பாத்ரூம் வரிசை வரைக்கும் ஷீட்டில் இருக்கு. திங்கள் ராத்திரியிலிருந்து வியாழன் விடியும் வரை அந்த வீட்டில் அம்மா தனியாக இருப்பார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் உடனே கேமரா, அவசர பட்டன், ஹோம் நர்ஸ் என்று போனில் தேட ஆரம்பித்தேன். அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்துக்குள் அவரே ஏற்பாடு செய்துவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு பெண், அம்மாவிடம் டியூஷன் படித்தவள். இப்போது குரூப் 4-க்குப் படிக்கிறாள். அவள் வீட்டில் இரண்டே அறை, ஐந்து பேர், ராத்திரி பதினொரு மணி வரை டிவி. என் அறையில் மேஜை இருக்கு, ஃபேன் இருக்கு, சத்தம் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று ராத்திரியும் வந்து படித்துவிட்டு அங்கேயே தூங்குகிறாள். காசு பேச்சே இல்லை. அம்மாவுக்கு ஆள். அவளுக்கு இடம்.

நான் மூன்று மாதம் ஷீட் போட்டுத் தேடியதை அம்மா ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். வழி ஒன்றுதான். மேன்ஷன் மேனேஜரிடம் நான் செய்ததும் அதுதான். தெரிந்த ஆள், தவறாத நாள், இரண்டு பக்கமும் ஒரு தேவை. நான் அதைக் கற்றுக்கொள்ள முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

அதனால் உங்களுக்குக் கடைசியாக ஒன்று. வெளியூரில் இடம் தேடும்போது, நீங்கள் விட்டுவிட்டுப் போகும் வீட்டையும் அதே ஷீட்டில் ஒரு வரியாகப் போடுங்க. அன்று ராத்திரி அங்கே யார்? பக்கத்து வீட்டு நம்பர் உங்க போனில் இருக்கா? இப்பவே, இதைக் கேட்டு முடித்ததும், வாங்கி வைங்க.

இப்போது செவ்வாய் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று வீட்டுக்குப் போன் பண்ணுகிறேன். சில நாள் அம்மா எடுப்பதில்லை. அந்தப் பெண் எடுத்து, "டீச்சர் தூங்கிட்டாங்கண்ணா. உங்க மேஜை டிராயர் திறக்க மாட்டேங்குது, சாவி எங்க வச்சிருக்கீங்க?" என்கிறாள். அவள் சௌகரியமாக இருக்கிறாள் என்று அர்த்தம். நானும் கீழே இறங்கிப் போய்த் தூங்கிவிடுகிறேன்.

உங்க ஊரில், நீங்க போய் வரும் ஊரில், ஆப்பில் வராத நல்ல இடம் தெரிந்தால் எனக்கு எழுதுங்க. முக்கியமாக பெண்கள் தங்கிப் பார்த்த இடங்கள். நிறைய வந்தால் தனி எபிசோடாகவே போடுவோம். இன்றைக்கு இவ்வளவுதான். அடுத்த வாரம் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை மட்டும் போன் பண்ணாதீங்க, பாத்ரூம் வரிசையில் நிற்பேன்.